மூலம் என்று விட்டுவிடாதீர்கள்: மலக்குடல் மெலனோமாவில் நாங்கள் கற்றுக்கொண்டவை

அம்மாவுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது வயது 61. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் மூலம் என்றார்கள். துத்தி இலையை வதக்கிக் கட்டினோம், வாரத்தில் மூன்று நாள் கருணைக்கிழங்கு மசியல். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அப்புறம் ஒரு சிறிய மருத்துவமனையில் மூலக்கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நான்கே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கட்டி. அப்போதுதான் அது மெலனோமா என்று தெரிந்தது. அந்த நான்கு மாதம் வேறு எந்த வீட்டுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெலனோமா தோலில் வரும் புற்றுநோய் என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்போம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் ஆசனவாயின் உட்சவ்விலும் உண்டு. அங்கே வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. மிக அபூர்வம்தான். ஆனால் ரத்தம், அரிப்பு, வலி, ஏதோ அடைத்த மாதிரி உணர்வு என்று எல்லாமே மூலத்தைப் போலவே இருக்கும்.

அதனால் ரத்தம் தொடர்ந்து வந்தால் வாயால் சொல்லி மாத்திரை வாங்கி வராதீர்கள். மருத்துவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், குழாய்க் கருவி வைத்தும் பார்க்க வேண்டும். அம்மா கூச்சத்தில் இரண்டு முறை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ரத்தம் உறைந்த மூலம் கருநீலமாக இருக்கும். மெலனோமாவோ சில பேருக்கு நிறமே இல்லாமல் வரும். அம்மாவின் கட்டி இளஞ்சிவப்பு, நாவல்பழக் கொட்டை அளவு.

வெட்டி எடுக்கும் எதையும் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள். நிறமில்லாத மெலனோமா நுண்ணோக்கியில் வேறு புற்றுநோய் போலத் தெரியக்கூடும். மறுபடி வந்த கட்டியின் முதல் ரிப்போர்ட்டில் மெலனோமா என்ற வார்த்தையே இல்லை. எஸ்-100, சாக்ஸ்-10, எச்.எம்.பி-45, மெலன்-ஏ என்ற சாயப் பரிசோதனைகள் செய்த பிறகுதான் உறுதியாயிற்று. சந்தேகம் இருந்தால் ஸ்லைடுகளையும், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் வாங்கிப் பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிளாக் தீப்பெட்டியில் அடங்கிவிடும் சின்னப் பொருள்தான், ஆனால் அதுதான் ஆதாரம். வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தால் மெழுகு இளகிவிடும் என்று பயந்து, பஞ்சு சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சென்னை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே மருத்துவர் முதலில் டார்ச் எடுத்து அம்மாவின் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உள்ளங்கால், நகம், உச்சந்தலை, அப்புறம் கண் மருத்துவரிடமும் அனுப்பினார். வேறு இடத்தில் தோன்றி இங்கே பரவியதா என்று தெரிய வேண்டுமாம். குறிப்பாகச் சிறுகுடலில் மெலனோமா கண்டால், பெரும்பாலும் அது தோலிலிருந்து பரவியதாகவே இருக்கும். பிறகு இடுப்புக்கு எம்.ஆர்.ஐ., புற்று எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க உடம்பு முழுக்க பெட் சி.டி. ஸ்கேன், மூளைக்கு எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு.

அறுவை சிகிச்சையில்தான் நாங்கள் ரொம்பவும் குழம்பினோம். கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து எடுப்பது ஒரு வழி. ஆசனவாயையும் மலக்குடலையும் முழுதாக எடுத்து, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைப்பது இன்னொன்று. பெரிதாக வெட்டினால்தான் பிழைப்பார் என்று நான் நினைத்தேன். ஆனால் பல வருட ஆய்வுகளில் பெரிய அறுவை சிகிச்சை ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை; நோய் பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத் தூரத்தில் பரவித்தான் ஆபத்தாகிறது. விளிம்பு சுத்தமாக வரும், அதாவது வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் செல் இருக்காது என்றால் சின்னதே போதும். சுருக்குத் தசைக்குள் கட்டி ஊடுருவியிருந்தால் பை தேவைப்படலாம். "விளிம்பு சுத்தமாக வருமா?" என்று நேராகக் கேளுங்கள். கதிர்வீச்சு அதே இடத்தில் திரும்பி வருவதைக் குறைக்கலாம், ஆயுளைக் கூட்டாது.

அதே பிளாக்கிலிருந்து கிட், பிராஃப், என்.ஆர்.ஏ.எஸ். மரபணு மாற்றங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கிட் மாற்றம் இருக்கிற சிலருக்கு இமாடினிப் மாத்திரை கேட்கும். அம்மாவுக்கு எதுவும் இல்லை.

பதினோராவது மாதம் நுரையீரலில் இரண்டு புள்ளிகள். நம் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசி தொடங்கினோம். 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உட்சவ்வு மெலனோமா உள்ளவர்களில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுத்தபோது 23 சதவீதம் பேருக்கும், அதோடு இபிலிமுமாப் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்தபோது 37 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியது. தோல் மெலனோமாவை விடக் குறைவுதான், ஆனாலும் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது. செலவு மிக அதிகம். முதல் ஊசிக்கு முன்பே காப்பீடு, மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் எல்லாவற்றையும் விசாரித்துவிடுங்கள்.

இந்த மருந்து நம் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதால், அது குடலையே தாக்கலாம். தைராய்டு, கல்லீரல், நுரையீரலையும் தாக்கலாம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அம்மா ஒரு நாளில் ஆறு முறை போனதை என்னிடம் மறைத்தார். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்றார். சாதாரண வயிற்றுப்போக்கு மாத்திரையை நீங்களாகக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். வழக்கத்தை விட நான்கு முறை கூடினாலோ, ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், ராத்திரியாக இருந்தாலும் சரி. எங்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து, அடுத்த ஊசியைத் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அம்மாவே கோடு போட்டு எண்ணுகிறார். ஊசிக்குப் போகும்போது அந்தத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்துப் போகிறோம். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.