கர்ப்ப காலத்தில் வலி மாத்திரையா? கொஞ்சம் பொறுங்கள்

தலைவலி, முதுகுவலி என்றால் வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்வது பலருக்கும் பழக்கம். கர்ப்பமாக இருக்கும்போது தயவுசெய்து அது வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை 20 வாரத்துக்குப் பிறகு எடுத்தால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குட நீர் குறைந்துபோகலாம். சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் சிலவற்றிலும் இவை கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வலிக்குப் பொதுவாக மருத்துவர்கள் தருவது பாராசிட்டமால்தான், அதுவும் தேவைப்படும் நாட்களுக்கு மட்டும்.

அப்புறம், மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கத் தரப்படுவது அது. வலிப்பு, தைராய்டு மாத்திரைகளும் அப்படித்தான்; கேட்காமல் நிறுத்தினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.