எடை குறையும்போது மாற்றம் தெரியவில்லையா? பார்க்கிற முறையில் நாம் செய்யும் தவறுகள்

கைலி கட்டுகிற ஊரில் இடுப்பு பெருத்தாலும் தெரியாது, சிறுத்தாலும் தெரியாது. பெல்ட் போடுகிறவருக்கு அதன் ஓட்டை காட்டிக்கொடுக்கும், பேண்ட் போடுகிறவருக்குப் பித்தான் காட்டிக்கொடுக்கும். பர்மாவில் நான் இருக்கிற யாங்கோனில் ஆணுக்கு லோஞ்சி, பெண்ணுக்குத் தமெய்ன், கோயிலுக்குப் போனால் சேலை. எல்லாமே அன்றைக்கு இருக்கிற இடுப்புக்கு ஏற்ப இழுத்துச் செருகிக்கொள்கிற துணி. நான் 168 பவுண்டுக்குப் போனது எனக்கே தெரியாமல் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் பத்து மாதத்தில் 24 பவுண்டு குறைத்தேன். அதில் முதல் மூன்று மாதம் ஒன்றுமே ஆகவில்லை என்று நினைத்து இரண்டு தடவை விட்டுவிடப் பார்த்தேன். பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேருக்கு உடம்பு குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும், அவர்கள் பார்த்த இடத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான். நான் செய்த தவறுகளையும், என்னோடு காலையில் கண்டோஜி ஏரிக்கரையில் நடக்கிற பெண்கள் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் தவறு தினமும் கண்ணாடி முன்னால் நின்று தேடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு, அதாவது 2.2 பவுண்டு, ஏறக்குறைய 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும். வளர்ந்த ஒருவரின் மொத்தத் தோல் பரப்பு பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு சதுர மீட்டருக்குள் இருக்கும். அந்த ஒரு கிலோ உடம்பு முழுக்கச் சமமாகக் கரைந்தது என்று வைத்துக்கொண்டால், தோலுக்கு அடியில் குறைவது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு மாதம் பாடுபட்டு ஒரு கிலோ குறைத்தவர் நேற்றைய வயிற்றையும் இன்றைய வயிற்றையும் ஒப்பிட்டால் என்ன தெரியும்? அதோடு, ஆரம்பத்தில் கரைவதில் ஒரு பங்கு வயிற்றுக்குள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருக்கிற கொழுப்பு, அதை எந்தக் கண்ணாடியும் காட்டாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அதிகம் துணைபோகிறது அந்த உள்கொழுப்புதான் என்பதால், வெளியே ஒன்றும் தெரியாத அந்த வாரங்களில்தான் உள்ளே பெரிய நன்மை நடக்கிறது. மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும் என்பார்கள் டாக்டர்கள். என் 168 பவுண்டுக்கு அது எட்டு பவுண்டுச் சொச்சம்.

அடுத்தது வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது. நான் என் வீட்டுக்காரரை வாரத்துக்கு மூன்று தடவை கேட்டிருப்பேன், "குறைஞ்சிருக்கேனா?" என்று. பாவம், தினமும் பார்க்கிறவருக்கு என்ன தெரியும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ரூல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் இதைப் பற்றி ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். சராசரி உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் 3.5 கிலோ, ஆணுக்குச் சுமார் 4 கிலோ குறைந்தால்தான் முகத்தில் அந்த வித்தியாசம் பிறர் கண்ணுக்குப் படுகிறது, அழகு கூடியிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்ற அதைப்போல இரண்டு மடங்கு குறைய வேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. எனக்கும் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் எட்டு பவுண்டு குறைந்திருந்தபோது, ஆறு மாதமாக என்னைப் பார்க்காத என் நாத்தனார் மோல்மேனிலிருந்து வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்ன அண்ணி, முகம் சின்னதாயிடுச்சு" என்றார். அதே வாரம் பக்கத்து வீட்டு பர்மியக்கார அம்மா "பெய்ன் துவா தெ" என்று சொல்லிக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், இளைத்துவிட்டாய் என்று.

ஆனால் அதே ஊர்வாய் இன்னொன்றும் சொல்லும். "வாடிப் போயிட்டியே, சுகர் ஏதும் வந்திருக்கா?" என்று கோயிலில் நாலு பேர் நடுவில் கேட்பார்கள். முகமும் கழுத்தும் பலருக்கு முதலில் வற்றும், இடுப்பும் தொடையும் பின்னால்தான் வரும், அந்த இடைப்பட்ட காலத்தில் ஆள் கொஞ்சம் களைத்த மாதிரி தெரிவது இயல்பு. இதைக் கேட்டுப் பயந்து மறுபடி இரண்டு தட்டு சோறு சாப்பிட ஆரம்பித்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கேட்டவர்கள் மேல்தான்.

எடை மிஷின் விஷயத்தில் தவறுகள் அதிகம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். சோற்றைக் குறைத்த முதல் வாரத்திலேயே மூன்று நான்கு பவுண்டு இறங்கும், ஆளுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு, அதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், சேமிப்பு செலவாகும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். இரண்டாவது வாரம் அரை பவுண்டுதான் குறைந்திருக்கும். அங்கே மனம் உடைந்துவிடுகிறது. உண்மையில் அந்த அரை பவுண்டுதான் கொழுப்பு. தண்ணீர் இன்னும் பல விதத்தில் ஏமாற்றும். முதல் நாள் இரவு ஙாப்பி என்கிற உப்பு மீன் விழுதும் மீன் சாஸும் தாராளமாகப் போட்ட சாப்பாடு சாப்பிட்டால் அந்த உப்பு மறுநாள் இரண்டு பவுண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஏறும், மலச்சிக்கல் இருந்தால் ஏறும். ஏப்ரலில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்து வெயிலில் நாள் முழுக்க வேர்த்துவிட்டு ஏறி நின்றால் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்ப வந்துவிடும்.

மிஷினை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டு மாடி பலகைத் தரை, அங்கே ஒரு எடை, கீழே சிமெண்ட் தரையில் ஒரு எடை, மூன்று பவுண்டு வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. கெட்டியான சமதரையில் ஒரே இடத்தில் வையுங்கள், காலையில் கக்கூஸ் போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், அதே மாதிரி மெல்லிய துணியோடு ஏறுங்கள். தினமும் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்து எழுதிவைத்து ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்தால் அன்றைய நாளே கெட்டுப்போகிறது என்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை போதும். வீட்டில் ஒரு மிஷின், மருந்துக்கடையில் ஒரு மிஷின் என்று மாற்றி மாற்றி ஏறுவது கூடவே கூடாது.

நாலைந்து மாதத்துக்கு மேல் எடை அப்படியே நின்றுவிடும் ஒரு காலம் வரும். உடம்பு சிறிதானதால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறைந்துவிட்டது, நடக்கும்போதுகூடச் சுமக்கிற பாரம் குறைவு, அதனால் செலவும் குறைவு. உடனே பட்டினி கிடக்காதீர்கள். அப்போதுதான் டேப்பை எடுக்க வேண்டும்.

டேப்பிலும் பிடிக்கிற இடம் தப்பாகிறது. ஒரு நாள் தொப்புளுக்கு மேல், ஒரு நாள் கீழே, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு நாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். தையல்காரர் பல வருடம் வைத்திருந்த பழைய டேப் நீண்டுபோயிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெற்காசிய உடம்புக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்று வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரர்களுக்கு வைத்த வரம்பைவிட ஆணுக்கு இது குறைவு. ஏனென்றால் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிற வாகு நம்மவர்களுக்கு அதிகம். எனக்கு இடுப்பு 38 அங்குலத்திலிருந்து 34 ஆனது. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது.

டேப் எடுக்கச் சோம்பலாக இருந்தால் தமெய்னே போதும், இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. தமெய்னை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து மறுபக்கம் மடித்துச் செருகுகிறோம் இல்லையா. துணியின் சுற்றளவு மாறாது, இடுப்பு சிறுத்தால் மடிப்புதான் அகலமாகும். மடிப்பு இரட்டைத் துணி என்பதால் இடுப்பு நான்கு அங்குலம் குறைந்தால் மடிப்பு இரண்டு அங்குலம் நீளும். மேலே தைத்திருக்கிற கறுப்புப் பட்டியில், மடிப்பின் முனை வந்து நிற்கிற இடத்தில் ஒரு சிவப்பு நூல் போட்டுவைத்தேன், பத்து மாதத்தில் முனை அதைத் தாண்டி மூன்று விரல் அகலம் தள்ளிப்போய்விட்டது. பலமுறை துவைத்த பழைய தமெய்னாகப் பாருங்கள், புதுப் பருத்தித் துணி சுருங்கும். லோஞ்சி முன்னால் முடிச்சுப் போடுவதால் ஆண்களுக்கு இது அவ்வளவு சரியாக வராது. அவர்கள் ஒரு பழைய பேண்ட்டை வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். மோதிரம், வாட்ச் வார், வளையல், சேலைக்குப் போடும் ரவிக்கையின் கைப்பகுதி, இவையெல்லாம் கண்ணாடி காட்டுவதற்கு முன்பே செய்தி சொல்லிவிடும். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதையும் நான் மாற்றத்தில்தான் சேர்ப்பேன்.

வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கே பயிற்சி, கைச்சதைக்குக் கைக்கே பயிற்சி என்று செய்துவிட்டு அந்த இடத்தையே உற்றுப் பார்ப்பதும் ஒரு தவறு. பயிற்சி தசையைப் பலப்படுத்தும், ஆனால் கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, பரம்பரையும் ஹார்மோனும்தான் தீர்மானிக்கின்றன. அதனால்தான் கணவனோடு ஒப்பிடுவதும் வீண். ஆணுக்குத் தசை அதிகம், கொழுப்பு வயிற்றில் அதிகம், அது கொஞ்சம் வேகமாகவே கரையும். பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் இருக்கிறது, மெதுவாகத்தான் போகும். ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு அவருக்கு பத்து பவுண்டு, உங்களுக்கு ஐந்து என்றால் நீங்கள் குறைவாகப் பாடுபட்டதாக அர்த்தம் இல்லை.

போட்டோ எடுப்பது நல்லது, ஆனால் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். செல்ஃபி வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தால் மூக்கும் கன்னமும் பெரிதாக விழும். போனை இரண்டு மீட்டர் தள்ளி நெஞ்சு உயரத்தில் ஒரு அலமாரியில் வையுங்கள், முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் பல்பை நம்பாமல் காலை வெளிச்சத்தில், ஜன்னலை எதிரே வைத்து எடுங்கள். முகத்தில் தனாக்கா, அதாவது இங்கே பூசுகிற மரப்பட்டைச் சாந்து, இருந்தால் கழுவிவிடுங்கள், கன்னத்தின் நிழல் தெரிய வேண்டும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும், எடுத்ததும் போன மாதப் படத்தோடு ஒப்பிடாமல் முதல் படத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லா மாற்றமும் நல்ல மாற்றம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேகமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், ஷாம்புவை மாற்றிப் பயனில்லை. சாப்பாட்டில் புரதம் போதவில்லை, வேகம் அதிகம் என்று அதற்கு அர்த்தம், சரிசெய்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். மீன், முட்டை, பெபியோ என்கிற அவித்த பட்டாணி, கடலை மாவில் செய்யும் ஷான் தோஃபு, நம் பருப்பு என்று வேளைக்கு ஒன்றாவது இருக்கட்டும். கை மெலிந்து, எடை குறைந்து, ஆனால் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை என்றால் போனது தசை. வாரத்துக்கு அரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவில் போதும், என்னைப் போல் அதைவிட மெதுவாகப் போனாலும் சரி.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எடை குறைவதை டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது பெரிய தவறு. பழைய எடைக்குக் கொடுத்த அளவு புதிய உடம்புக்கு அதிகமாகிவிடலாம், எழுந்து நின்றால் தலைசுற்றுவது, நடுங்கி வேர்ப்பது, இரண்டும் அதற்கான அறிகுறிகள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள், அளவை அவர் குறைக்கட்டும்.

கடைசியாக என் சித்தி கதை. நான் பாடுபட்டுக் குறைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர் எதுவும் செய்யாமலே ஐந்து மாதத்தில் பதினான்கு பவுண்டு குறைந்தார். "உனக்குத்தான் கஷ்டம், எனக்குத் தானா குறையுது பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார், நாங்களும் பாராட்டினோம். முயற்சி இல்லாமல் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது, சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம், காசநோய் அதிகமுள்ள நாடுகளில் நம் பர்மாவும் ஒன்று. ராத்திரியில் வேர்த்துத் துணி நனைகிறது என்று ஒரு நாள் தற்செயலாகச் சொன்னார், இருமலும் இருந்தது, மறுநாளே அழைத்துப் போனோம். சளியில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டார், பதினான்கில் பத்து பவுண்டு திரும்ப ஏறிவிட்டது, இப்போது வாரம் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்து அதே சிமெண்ட் தரையில் அதே மிஷினில் ஏறி நின்று என்னிடம் எண்ணைப் படிக்கச் சொல்கிறார்.