எச்சுக்காவுக்குக் கேரவன் பயணம்: நீராவிப் படகில் மர்ரே ஆற்றைக் காண்பதற்கான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், மர்ரே ஆற்றின் வளைவில் அமைந்திருக்கும் எச்சுக்காவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் காருக்குப் பின்னால் கேரவனை, அதாவது தங்குவதற்கான வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு செல்பவர்கள் குறைந்தது இரண்டு இரவுகளாவது அங்கே தங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நிறுத்துவதும் சமன்படுத்துவதுமாக முதல் நாள் கழிந்துவிடும். படகுப் பயணத்துக்கோ அவசரமில்லாத ஒரு முழு நாள் தேவை.

கேரவனில் பொருள்களை அடுக்கும்போது கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். கேரவனை மாட்டுவதற்காகக் காரின் பின்புறம் இருக்கும் இணைப்புக் குமிழின் மேல் இறங்கும் எடை, கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது; அது மிகவும் குறைந்தால் வேகத்தில் வண்டியின் பின்புறம் அலைபாயத் தொடங்கும். அப்படி அலைபாய்ந்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் மின் பிரேக்கை மட்டும் காருக்குள் இருக்கும் விசையைக் கொண்டு கையால் மெதுவாக இயக்க வேண்டும். ஓடும் கேரவனுக்குள் யாரும் அமரக் கூடாது. எரிவாயு உருளையின் வால்வும் மூடியிருக்க வேண்டும். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

ஆற்றங்கரையில் இடம் தேடும்போது செங்கம் (ரெட் கம் எனப்படும் யூகலிப்டஸ் வகை) மரங்களின் நிழல் மனத்தை ஈர்க்கும். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் அவற்றின் பெருங்கிளைகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழக்கூடும் என்பதால், கிளைகளுக்கு நேர்கீழே கேரவனையோ கூடாரத்தையோ ஒருபோதும் அமைக்காதீர்கள். எதிர்க்கரையில் உள்ள மோமா என்ற ஊர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. இங்கே ஆறும் அம்மாநிலத்துக்கே உரியது என்பதால், விக்டோரியாக் கரையில் நின்று தூண்டில் போட்டாலும் அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமமே வேண்டும்.

படகுத்துறைக்குக் கேரவனோடு போகாதீர்கள். அதைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு நடந்தோ காரில் மட்டுமோ செல்லுங்கள். 1864-இல் மெல்பர்னிலிருந்து ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்ததால்தான் இந்தத் துறை பெருந்துறைமுகமாக வளர்ந்தது. உள்நாட்டுப் பண்ணைகளின் கம்பளிப் பொதிகளைத் துடுப்புச் சக்கர நீராவிப் படகுகள் கொண்டுவந்து இறக்க, ரயில் அவற்றை மெல்பர்னுக்கு எடுத்துச் சென்றது. பொதி மிகுந்தால் படகுகள் தமக்குப் பின்னால் சரக்குத் தோணிகளையும் கட்டி இழுத்தன. பருவத்துக்குப் பருவம் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும் ஆறு இது. எந்த மட்டத்திலும் சரக்கைக் கையாள்வதற்காகவே செங்கம் மரத்தால் ஆன துறை அத்தனை உயரமாகவும் அடுக்கடுக்காகவும் கட்டப்பட்டது. அடித்தட்டு வரை இறங்கிப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

முன்பதிவு செய்யும்போது, அன்று ஓடவிருக்கும் படகு எது, அது விறகு எரித்து நீராவியால் இயங்குகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 1866-இல் கட்டப்பட்ட அடிலெய்டு, 1911-இன் பெவன்சி, 1923-இன் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் ஆகியவை இத்துறைக்குரிய பழைய படகுகள். எல்லாம் எல்லா நாளும் ஓடுவதில்லை. ஒரு மணி நேரப் பயணமே முதல் முறை செல்வோருக்குப் போதும்.

ஏறியதும் பலரும் மேல்தளத்துக்கு விரைவார்கள். நீங்கள் முதலில் இயந்திரத்தின் அருகே நில்லுங்கள். பணியாளர் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து செங்கம் விறகுக் கட்டையை உள்ளே தள்ளுவதையும், எண்ணெய் மினுங்கும் தண்டு முன்னும் பின்னும் சென்று சக்கரத்தின் அச்சைச் சுழற்றுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். கொதிகலனில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பணியாளர் அடிக்கடி பார்ப்பார். அது ஏன் என்று கேளுங்கள். இந்தக் கைத்தொழில் அறிவு அழியாமல் இருப்பது இவர்களைப் போன்றவர்களால்தான் என்பதால், அந்த உரையாடலை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு மேலே போய் ஆற்றைப் பாருங்கள்.

திரும்பும் நாளில் மின்கம்பியைக் கழற்றி, இணைப்புப் பூட்டு, குறுக்காக மாட்டிய பாதுகாப்புச் சங்கிலிகள், முன் சிறுசக்கரம், பின்விளக்குகள் ஆகியவற்றை வண்டியைச் சுற்றி நடந்து சரிபார்த்த பின்னரே புறப்படுங்கள்.