மசாய் மாரா, செரங்கெட்டி பயணம்: ஓட்டுநரை விரட்டாதீர்கள்

ஓட்டுநரின் வயர்லெஸ் கரகரத்தது. ஸ்வாஹிலியில் யாரோ வேகமாகப் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: டூமா. சிவிங்கிப்புலி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கறையான் புற்று ஒன்றின் மேல் தாய் நின்றிருந்தது. கீழே புல்லுக்குள் மூன்று குட்டிகள், முதுகில் சாம்பல் நிறத்தில் சிலிர்த்த முடியோடு. தொலைவில் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் இறங்கி, வயிறு தரையில் உரச அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. அந்த நேரத்தில் பின்னால் வந்த இரண்டு வண்டிகள் படம் எடுக்க வசதியாக அதற்கும் மான்களுக்கும் நடுவே போய் நின்றன. மான்கள் தலை தூக்கின, ஓடிவிட்டன. சிவிங்கிப்புலி சற்று நேரம் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. குட்டிகளுக்கு அந்த வேளை இரை இல்லை.

கென்யாவின் மசாய் மாராவுக்கும் தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்: “இன்னும் கிட்டே போங்கள்” என்று ஓட்டுநரிடம் கேட்பது. சிங்கமும் கழுதைப்புலியும் இரவில் ஆள்வதால் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடுகிறது. அதாவது நாம் சுற்றும் அதே நேரத்தில். மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது என்று கண்டது. வண்டிகள் குறைந்த பகுதிகளில் அது 2.3. இந்த இரண்டு எண்களைப் படித்த பிறகு முன்வரிசைக்காக முண்டியடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று மாராவில் விதி உண்டு. செரங்கெட்டியில் பாதையை விட்டு இறங்கவே அனுமதி இல்லை. ஓட்டுநர்களுக்கு இவை நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் வருமானத்தில் டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. பயணிகள் முகம் சுளித்தால் விதியை மீறத்தான் தோன்றும். ஆகவே முதல் நாள் காலையிலேயே, “கூட்டமாக இருந்தால் தள்ளியே நிறுத்துங்கள், எங்களுக்குக் குறையில்லை” என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஓட்டுநரின் முகம் அதைக் கேட்டதும் தெளிந்தது.

அடுத்த தவறு, காலத்தையும் இடத்தையும் பொருத்திப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது. பதின்மூன்று லட்சம் என்று பொதுவாகச் சொல்லப்படும் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களும் சுமார் இரண்டு லட்சம் வரிக்குதிரைகளும் ஆண்டு முழுவதும் மழையின் பின்னால் சுற்றிவருகின்றன. வலசை என்பது ஒரு நாள் திருவிழா அல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டம் தெற்கே, நுடூட்டு சமவெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் சத்தான குறும்புல்லைத் தின்று, பிப்ரவரியை ஒட்டிச் சில வாரங்களில் லட்சக்கணக்கில் கன்று ஈனும். ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றருகே நகரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருக்கும். பிப்ரவரியில் மாராவுக்குப் போய் ஆறு கடப்பதைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆறு கடப்பதைவிடக் கன்று ஈனும் பருவமே மேல். ஈரம் காயாத கன்று நடுங்கும் கால்களில் எழுந்து சில நிமிடங்களில் தாயோடு ஓடத் தொடங்குவதைப் பார்க்கக் கரையில் இடம்பிடிக்க வேண்டியதில்லை.

ஆறு கடப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் குறைந்தது மூன்று இரவாவது ஒதுக்குங்கள். கூட்டம் கரையில் மணிக்கணக்காக நின்றுவிட்டுத் திரும்பியும் போகும். வண்டிகள் கரையோரம் நெருங்கினால், விலங்குகள் இறங்கும் வழியும் ஏறும் வழியும் அடைபடும். 2025 ஜூலையில் செரங்கெட்டியின் வடக்கே பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் கூடி நின்ற வீடியோ உலகம் முழுவதும் பரவியது. முதலை கிடக்கும் ஆற்றில் விலங்குகள் பின்வாங்குவதைப் பார்க்கவே வலித்தது. வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஓட்டுநர் அனுமதிக்கும் இடம் தவிர வேறெங்கும்.

வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டியிருக்கின்றன. காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று திட்டம் போட்டுவிடுகிறோம். காட்டுக்குள் அந்த எல்லையைப் பயணிகள் கடக்க முடியாது. இசபேனியா அல்லது நமங்கா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பகல் போய்விடும். நாட்கள் குறைவென்றால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கிலும் ஒரு இடறல் உண்டு. மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். பயண நிறுவனம் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையவும் அது வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பெரும்பாலான முகாம்கள் மலேரியா உள்ள பகுதியில்தான் இருக்கின்றன.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய சட்டைகளோடு கிளம்பாதீர்கள். நைரோபியே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தான்சானியாவின் ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு ஏறத்தாழ ஊட்டி உயரம். திறந்த வண்டியில் காலை 6 மணிக்குப் பல் கிட்டும். கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி இரண்டும் வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. மரக்கிளைகளில் நீலமும் கறுப்புமாகத் துணிகள் தொங்குவதைக் காண்பீர்கள். அவை செட்சி ஈயைப் பிடிக்கும் பொறிகள். அந்த ஈக்கு அந்த இரண்டு நிறங்கள்தான் பிடிக்கும். ஜீன்ஸும் கறுப்புச் சட்டையும் அணிந்து போனால் நீங்களே பொறி. அதன் கடி துணியைத் தாண்டி இறங்கும். காக்கி, மண் நிறம் போதும்.

காட்டுக்குள் இறங்கும் சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ வரைதான், அதுவும் துணிப்பையாக இருந்தால். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை நைரோபி விடுதியில் விட்டுப் போக நேரும். பிளாஸ்டிக் பைக்கு இரு நாடுகளிலும் தடை: கென்யாவில் 2017 முதல், தான்சானியாவில் 2019 முதல். ஊறுகாயையும் முறுக்கையும் டப்பாவில் எடுத்துப் போங்கள்.

மசாய் மக்களை வழியில் பார்த்ததும் கேமராவை நீட்டாதீர்கள். அவர்கள் மாடு மேய்க்கப் போகிறவர்கள், பள்ளிக்கு நடக்கிறவர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பைனாகுலரை வண்டிக்கு ஒன்று என்று கொண்டுபோகாதீர்கள், ஆளுக்கு ஒன்று வேண்டும். 8x42 அளவு நல்லது. அந்தத் தாயைப் பார்த்த காலை ஆறு பேருக்கு ஒன்றை வைத்துக்கொண்டு கை மாற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் முகாமில் இன்னும் இரண்டை இரவல் வாங்கினோம். நூறு மீட்டருக்கு அப்பால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். வேறொரு சிவிங்கிப்புலி, கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் கறுப்புக் கோடு துல்லியமாகத் தெரிந்தது. வண்டி இருக்கும் பக்கமே அது திரும்பவில்லை.