தூங்க அடம்பிடிக்கிற குட்டீஸுக்கு ஒரு சின்ன ஐடியா

2, 3 வயசு குழந்தைய டிவி முன்னாடி உக்கார வச்சுட்டு அப்புறம் தூங்க வைக்க அல்லாடுறவங்க, பிபிசியோட குழந்தைங்க சேனலான சிபீபீஸ்ல 2007ல வந்த 'இன் த நைட் கார்டன்' போட்டுப் பாருங்க. மொத்தம் 100 எபிசோடு, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் மாதிரி. தூங்கப் போற நேரத்துக்குன்னே எடுத்த தொடர் இது, அதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

ஆரம்பத்துல படுத்திருக்கிற குழந்தையோட உள்ளங்கையில விரலால மெதுவா வட்டம் போடுவாங்க பாருங்க, அதத்தான் நீங்க புடிச்சுக்கணும். டிவிய ஆஃப் பண்ணி, லைட்ட கொறச்சு, பிள்ளைய படுக்க வச்சுட்டு நீங்களும் அதே மாதிரி கையில வட்டம் போட்டுக்கிட்டே அந்தத் தொடர்ல வர்ற கேரக்டர்கள்ல மக்கா பக்கா இன்னைக்கு என்ன பண்ணுச்சு, அப்ஸி டெய்ஸி எங்க போச்சுன்னு குரல எறக்கிச் சொல்லுங்க, கடைசியில ஒவ்வொருத்தரா தூங்கப் போறாங்கல்ல, அதயும் ஒவ்வொரு பேரா சொல்லிட்டு, எல்லாரும் தூங்குனப்புறமும் முழிச்சிருக்கிற இகிள்பிகிள்கிட்ட வந்து முடிங்க.

ஒரு எபிசோடு போதும், அடுத்தது தானா ஓடாம ஆட்டோபிளேவ மறக்காம ஆஃப் பண்ணிருங்க.