புலியின் வலிமையும் வேட்டையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புலியைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் நேரும் முதல் தவறு அதன் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஊருக்குள் சிறுத்தை நுழைந்தால் ‘புலி நடமாட்டம்’ என்கிறோம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவற்றைச் ‘சிறுத்தைகள்’ என்றே பலர் குறிப்பிட்டனர். பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் பெயரோடு சேர்ந்து திறமைகளும் இடம் மாறிவிடுவதுதான் தொல்லை. திறந்த புல்வெளியில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டி இரையை விரட்டிப் பிடிப்பது சிவிங்கி. கொன்ற மானைத் தூக்கிக்கொண்டு மரக்கிளையில் ஏறி வைப்பது சிறுத்தை. உடலில் வரிகள் ஓடும் புலியின் தொழில் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. (கருஞ்சிறுத்தை என்பதும் தனி இனமன்று, கருநிறமி மிகுந்து பிறந்த சிறுத்தைதான் அது.)

அடுத்து, எடை. ‘புலியின் எடை 300 கிலோ’ என்று ஒரே எண்ணைச் சொல்லி முடிப்பவர்கள் ஆணையும் பெண்ணையும், வங்காளப் புலியையும் சுமத்ராப் புலியையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். சுமத்ராத் தீவின் ஆண் புலி பெரும்பாலும் 140 கிலோவைத் தாண்டுவதில்லை. நேபாளத்தின் சித்வன் காட்டில் ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்துவதற்காக மயக்கமூட்டி எடைபோடப்பட்ட வளர்ந்த ஆண் புலிகளோ 200 கிலோவை எளிதாகக் கடந்தன. சைபீரியப் புலிதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது நெடுநாள் நம்பிக்கை. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் 1992 முதல் நடந்த ஆய்வில், அங்குள்ள காட்டு ஆண் புலிகளின் சராசரி எடை 180 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. பழைய குறிப்புகளில் காணப்படும் மிகப் பெரிய எண்களில் வயிறு நிறைய இறைச்சி உண்டிருந்த புலிகளின் எடையும், உயிரியல் பூங்காவில் அசையாமல் கொழுத்த புலிகளின் எடையும் கலந்திருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, புலி பாய்ந்தால் இரை வீழ்ந்தே தீரும் என்று எண்ணுவது. 1960களில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில் புலிகளையும் மான்களையும் ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், ஏறக்குறைய இருபது முயற்சிகளுக்கு ஒன்றே பலிக்கிறது என்று கணித்தார். இந்த விகிதம் எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. ரஷ்யாவில் பனியில் பதிந்த தடங்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகளில் வெற்றி இதைவிட மிகக் கூடுதலாகத் தெரிந்தது. ஆயினும் நம் காடுகளில் புலியின் வேட்டை பெரும்பாலும் தோல்வியில்தான் முடிகிறது. ஒரு புள்ளிமான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாலோ, மரத்தின் மேலிருக்கும் மந்தி ஒன்று எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டாலோ ஆட்டம் அத்துடன் முடிந்தது. கண்டுகொள்ளப்பட்ட புலி பல வேளைகளில் துரத்துவதுகூட இல்லை. எழுந்து, மான்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, திறந்த வெளியில் நடந்து போய்விடும். அதைப் பார்க்கும் சுற்றுலாப் பயணி ‘இதற்குப் பசியில்லை போலும்’ என்கிறார். பசி இருக்கும், பயனில்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

இதற்குக் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. புலியால் மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வேகத்தில் ஓட முடியும் என்பது உண்மையே. ஆனால் அந்த வேகம் சில நொடிகளுக்குரியது. அவ்வளவு பெரிய உடல் விரைவில் சூடேறி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும் என்பதால், செந்நாய்க் கூட்டத்தைப் போல நெடுந்தூரம் துரத்தி இரையைக் களைப்படையச் செய்வது அதற்கு இயலாது. ஆகவே ஓட்டத்தைத் தொடங்குமுன் தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்வதிலேயே புலியின் திறமை முழுவதும் செலவாகிறது. வயிற்றைத் தரையோடு தாழ்த்தி, முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலையும் வைத்து, இரை தலை குனிந்து மேயும்போது நகர்ந்து, நிமிரும்போது உறைந்து, இருபது முப்பது மீட்டருக்குள் வந்து சேர்வதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் அது எடுத்துக்கொள்ளும். முன்கால்களைவிட நீண்ட பின்கால்கள் அந்தக் கடைசிப் பாய்ச்சலுக்கானவை. புலி பதுங்குவது பாய்வதற்கே என்று நம் முன்னோர் சொன்னதில் பிழையில்லை; பதுங்கிய புலியெல்லாம் பாய்ந்துவிடுவதில்லை என்பதைத்தான் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதுங்கலுக்கு ஆரஞ்சு நிறம் எப்படி உதவும் என்று கேட்பவர்கள், மானின் கண்ணைத் தங்கள் கண்ணாக எண்ணிக்கொள்கிறார்கள். மானுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் நிற உணர்வு இல்லை. நமக்குப் பளிச்சென்று தெரியும் அந்தத் தோல் அதன் பார்வையில் இலைகளின் நிறத்தோடு கலந்துவிடுகிறது, கறுப்பு வரிகள் புல்லின் நிழல்போல உருவத்தை உடைத்துவிடுகின்றன. புலி மோப்பம் பிடித்தே வேட்டையாடுகிறது என்பதும் நாயை வைத்துச் செய்த ஊகம். புலிக்கு மோப்ப சக்தி உண்டு, ஆனால் அது முதன்மையாகப் பிற புலிகள் மரத்தின் மீது தெளித்துவைத்த சிறுநீர்க் குறிகளைப் படிப்பதற்குப் பயன்படுகிறது. இரையைத் தேடுவது கண்ணும் காதும்தான். இரவில் அதன் கண் நம் கண்ணைவிடப் பலமடங்கு கூர்மையாகப் பார்க்கிறது என்றால், விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் கிடைக்கும் மங்கிய ஒளியைத் திருப்பி அனுப்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒளியே இல்லாத இடத்தில் புலிக்கும் ஒன்றும் தெரியாது.

திரைப்படங்கள் பழக்கிவிட்ட இன்னொரு தவறு, உறுமிக்கொண்டே பாயும் புலி. முப்பது நிமிடம் சருகுகூட நொறுங்காமல் ஊர்ந்து வந்த விலங்கு, கடைசி நேரத்தில் கத்தி இரையை எச்சரிக்குமா என்று ஒரு கணம் யோசித்தாலே போதும். காட்டில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும் அந்த முழக்கம் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் எழுப்பப்படுவது. வேட்டை மௌனமாகவே நடக்கிறது.

கொல்லும் விதத்தைப் பற்றிய தவறுகளுக்குக் கணக்கில்லை. ஒரே அடியில் எருமையின் மண்டையைப் பிளக்கும் என்ற வர்ணனையை அடிக்கடி படிக்கிறோம். புலியின் முன்கால்கள் அபாரமான வலுவுள்ளவைதாம், சிறு விலங்கை ஓர் அடியில் சாய்த்துவிடவும் கூடும். ஆனால் பெரிய இரையிடம் அவற்றின் முதன்மையான வேலை பிடிப்பது. உள்ளிழுக்கப்பட்டிருந்ததால் தேயாமல் கூர்மையாக இருக்கும் நகங்கள் தோளிலும் கழுத்திலும் ஊன்றிக்கொள்ள, புலியின் உடல் எடையே இரையை நிலைகுலைத்துத் தரையில் சாய்க்கிறது. அதன் பிறகு பற்களின் முறை. சிறிய இரையானால் பிடரியைக் கவ்வி, முதுகெலும்புகளுக்கிடையே கோரைப் பற்களை இறக்கிவிடும். கடமான் போன்ற பெரிய இரையானால் தொண்டையைக் கவ்வி, மூச்சு அடங்கும்வரை சில நிமிடங்கள் விடாமல் கிடக்கும். இந்த முறையில் கொம்பும் குளம்பும் எட்டாத பக்கத்தில் புலி தன் உடலை வைத்துக்கொள்ள முடிகிறது. கடியின் விசை இத்தனை பவுண்டு என்று பரவும் துல்லியமான எண்களில் பெரும்பாலானவை உயிருள்ள புலியிடம் அளந்தவை அல்ல, மண்டையோட்டின் அளவிலிருந்து கணக்கிட்டவை. அவற்றை அளந்தறிந்த உண்மைபோல எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது.

எந்த விலங்கையும் புலி வீழ்த்தும் என்பதும் மிகை, பலவீனமானவற்றை மட்டுமே தேடும் என்பதும் மிகை. உல்லாஸ் காரந்தும் மெல் சன்குவிஸ்டும் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், புலிகள் 176 கிலோவுக்கு மேற்பட்ட இரையை நாடுவது தெரிந்தது; அதே நேரத்தில் அவை கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோதான். காட்டுமாட்டை (காட்டெருமை என்கிறோம், ஆனால் அது எருமை இனமன்று) தனியாக நின்று வீழ்த்தும் ஆற்றல் புலிக்கு உண்டு. ஒரு டன் எடையை நெருங்கும் காளையிடம் தவறு செய்தால் குடல் சரிந்து சாகும் ஆபத்தும் அதற்கு உண்டு. வளர்ந்த யானையைக் கண்டால் புலி பொதுவாக ஒதுங்கிப் போய்விடும், கன்று தனித்தால் மட்டுமே துணியும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பெரிய இரைகள் தேவைப்படும் புலிக்கு ஒவ்வொரு வேட்டையிலும் தன் உடலைக் காத்துக்கொள்வது, அந்த ஒரு இரையைவிட முக்கியமானது. முள்ளம்பன்றியின் முள் பாதத்தில் தைத்துச் சீழ்கட்டினால்கூட அடுத்த பல வேட்டைகள் பாழாகும்.

இனி, தமிழில் வழங்கும் இரண்டு நம்பிக்கைகள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழியை மானத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொள்ளலாம், விலங்கியலாகச் சொல்லக் கூடாது. புலி அவ்வப்போது புல் தின்கிறது. அதன் எச்சத்தில் புல்லிழைகள் காணப்படுவது களப்பணியாளர்களுக்குப் பழகிய காட்சி. இரண்டாவது, இடப்பக்கம் விழுந்த இரையைப் புலி உண்ணாது என்பது. புறநானூற்றின் 190ஆம் பாடலில், இடப்பக்கம் வீழ்ந்த பன்றியை அன்று உண்ணாமல், மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தும் புலி, தளராத உள்ளமுடையவர்களுக்கு உவமையாகிறது. உவமையின் அழகில் குறையில்லை. காட்டுப் புலியோ எந்தப் பக்கம் விழுந்தாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கி, ஓரிரவில் 30 கிலோ வரை உண்டு, மிச்சத்தைப் புல்லும் சருகும் போட்டு மூடிவைத்து, மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வந்து அழுகிய பிறகும் தின்னும். சிறுத்தை கொன்றதைப் பிடுங்கிக்கொள்ளும், தானாகச் செத்துக் கிடந்ததையும் விடாது. ராஜஸ்தானின் ரந்தம்பூரில் புகழ்பெற்றிருந்த மச்சிலி என்ற பெண்புலி, கோரைப் பற்களை இழந்த முதுமையில், வனத்துறை கட்டிவைத்த இரையை நம்பியும் வாழ்ந்தது. 2016 ஆகஸ்டில் அது இறந்தது.

மனித இரத்தத்தை ஒருமுறை சுவைத்த புலி பிறகு மனிதனையே தேடும் என்ற நம்பிக்கை, இவை அனைத்திலும் அதிகத் தீங்கு செய்வது. நேபாளத்திலும் இமயமலைப் பகுதியான குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டபோது, அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது. பற்கள் உடைந்த புலியால் கடமானின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கிடக்க முடியாது. நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதர்களையும் மாடுகளையும் கொன்றதாகத் தேடப்பட்டு, மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15 அன்று உயிருடன் பிடிக்கப்பட்ட டி23 புலியும் வயது முதிர்ந்து காயங்களோடுதான் இருந்தது. காயமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சுந்தரவனத்தின் சதுப்புக் காட்டில் நல்ல உடல்நிலையிலுள்ள புலிகளும் மனிதர்களைத் தாக்குகின்றன.

காட்டோரத்தில் நடப்பவர்கள் தவிர்க்க வேண்டியவையும் இதே வேட்டை முறையிலிருந்து பிறக்கின்றன. புல் அறுக்கவோ, சுள்ளி பொறுக்கவோ, ஒதுங்கவோ புதர் ஓரத்தில் தனியாகக் குனிந்திருப்பவரின் உருவம், நிமிர்ந்து நடக்கும் மனிதனைப் போலன்றி நாற்கால் விலங்கைப் போலத் தெரிகிறது. தாக்குதல்கள் பலவும் அந்த நிலையில்தான் நேர்ந்திருக்கின்றன. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் தனியே போவது, பேச்சுக் குரலில்லாமல் போவது, சருகு மூடிய இரையுடலைக் கண்டு அருகில் சென்று பார்ப்பது, குட்டியைக் கண்டு நின்று படமெடுப்பது ஆகியவையும் தவறுகளே. புலியை நேரில் கண்டால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது. ஓடும் முதுகு அதற்கு இரையின் முதுகு. அதைப் பார்த்தபடியே, குனியாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். சுந்தரவனத்தில் 1980களின் பிற்பகுதியில் தேன் எடுப்பவர்களுக்கும் மரம் வெட்டுபவர்களுக்கும் தலையின் பின்புறம் அணிந்துகொள்ள மனித முகமூடிகள் கொடுக்கப்பட்டன. முகம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிய புலிகள், மணிக்கணக்கில் பின்தொடர்ந்து வந்தும், அந்த ஆட்களைத் தாக்காமல் விட்டன.