டாலர் ஏறும்போது கேமரா, லென்ஸ் வாங்குவது எப்படி

சாலிகிராமத்தில் கல்யாண ஃபோட்டோ எடுக்கிற தம்பி ஒருவன் போன மாதம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து போன் செய்தான். "அண்ணே, 85 எம்எம் லென்ஸ் கேட்டேன். டாலர் ஏறிடுச்சாம், போன வாரம் சொன்ன விலைக்குத் தர முடியாதுங்கிறாங்க. வாங்கிடவா?" பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி, அதற்குக் கீழே இறக்குமதியான மாதம். ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. அந்த லென்ஸுக்கு டாலரில் பணம் அனுப்பியது, சுங்கம் கட்டியது எல்லாம் அப்போதே முடிந்துவிட்டது, இந்த வார டாலர் அதைத் தொடவே இல்லை.

விலை விசாரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். தயாரித்த மாதம் மட்டும் போட்டிருந்தால் இங்கே வந்து சேர ஒன்றிரண்டு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இதை விற்ற காசில்தான் அடுத்த சரக்கு எடுக்க வேண்டும், அது புது விலையில்தான் வரும். அதனால் சண்டை போடாமல், "இது பழைய ஸ்டாக்தானே, பழைய விலைக்குப் போடுங்க" என்று கேளுங்கள். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்: அச்சிட்ட எம்ஆர்பியை மறைத்து மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலை தெரிய வேண்டும்.

சரி, டாலர் ஏறினால் விலை எவ்வளவு ஏற வேண்டும்? நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் டாலர் முதல்முறையாக 83 ரூபாயைத் தாண்டியது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 1,000 டாலருக்கு இறக்குமதியாகும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். சுங்கம் பொருளுக்குப் பொருள் மாறும், கணக்குக்கு 10 சதவீதம் என்று வைப்போம். டாலர் 84 என்றால் 84,000, சுங்கம் சேர்த்து 92,400, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 1,09,032. அதே பொருள் டாலர் 90-இல் 1,16,820. டாலருக்கு ஆறு ரூபாய் ஏறினால் 6,000தானே ஏற வேண்டும் என்று தோன்றும், ஆனால் வரியும் கூடிய தொகையின் மேல் விழுவதால் 7,788 ஆகிறது. சுங்கத்துக்கு எடுக்கும் டாலர் மதிப்பும் தினசரி சந்தை விலை கிடையாது, அரசு மாதம் இருமுறை அறிவிக்கும் விலை.

இந்தக் கணக்கில் சதவீதம்தான் முக்கியம். 84 என்பது 90 ஆனால் ஏற்றம் ஏழு சதவீதம் சொச்சம். கடை வாடகை, சம்பளம், சர்வீஸ் சென்டர் செலவெல்லாம் ரூபாயில்தான் நடக்கிறது, அதனால் கடை விலை அந்த ஏழு சதவீதத்தைவிடக் குறைவாகத்தான் ஏற வேண்டும். பத்து, பன்னிரண்டு சதவீதம் ஏற்றிவிட்டு டாலரைக் காரணம் காட்டினால் நம்பாதீர்கள், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

யென் விழுந்திருக்கிறதே, ஜப்பான் கேமராதானே, ஏன் விலை குறையவில்லை என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2020-இல் 100 யென் கிட்டத்தட்ட 70 ரூபாய், 2024 ஜூலையில் 52 ரூபாய் அளவுக்கு இறங்கியது, கால்வாசி குறைந்துவிட்டது. கடையில் அந்தக் கால்வாசியை யாரும் பார்க்கவில்லை. பெயர் ஜப்பான் என்றாலும் சோனி, நிக்கான் கேமராக்களில் பெரும்பகுதி தாய்லாந்தில் செய்யப்படுகிறது, உதிரிபாகங்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றன, இங்கே வரும் சரக்குக்குப் பெரும்பாலும் டாலரில்தான் பில். யென் இறங்கினால் அந்த லாபம் முதலில் கம்பெனிக்கு, நமக்கு வந்தால் தீபாவளி கேஷ்பேக்காகவோ இலவச மெமரி கார்டாகவோதான் வரும். அதனால் யென்னைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், டாலரைப் பாருங்கள். அதுவும் இன்றைய டாலரை இல்லை, மூன்று மாதத்துக்கு முந்தைய டாலரை. பெரிய இறக்குமதியாளர்கள் பல மாதத்துக்கு முன்பே வங்கியில் டாலர் விலையை உறுதி செய்து வைப்பதுண்டு, அதனால் ஏற்றம் கடைக்குத் தாமதமாகவே வந்து சேரும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தில் எதை வாங்குவது? என் அனுபவத்தில் லென்ஸை முதலில் வாங்க வேண்டும். கேமரா பாடிக்கு (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அடுத்த மாடல் வந்துவிட்டால் டாலர் என்ன ஆனாலும் பழைய மாடல் விலை இறங்கும். லென்ஸ் ஒரே மாடல் ஏழெட்டு வருஷம் விற்கும், அதற்குள் புது மாடல் வராததால் விலை திருத்தும்போது பெரும்பாலும் மேலேதான் போகும். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் மார்கழியில், கையில் வேலை இல்லாத நாளில் போய்ப் பேசுங்கள், கடைக்காரரும் நின்று பேசுவார். செகண்ட் ஹேண்ட் விலையும் புது விலையைத் தொட்டுக்கொண்டே ஏறும், ஆகவே பழைய லென்ஸை விற்க இருப்பவர்கள் புது விலை அறிவிப்பு வந்த பிறகு விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கும்.

அமெரிக்காவில் இவ்வளவுதானே என்று ஒப்பிடும்போது அங்கே காட்டும் விலையில் விற்பனை வரி சேராது, இங்கே எம்ஆர்பியில் எல்லா வரியும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டு இணையதளத்தில் கார்டில் கட்டினால் வங்கி இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை தனியாக எடுக்கும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. பார்சல் இங்கே வந்ததும் சுங்கம் தனி.

அப்புறம், பில் இல்லாத சரக்கு. பர்மா பஜார் காலத்திலிருந்து சென்னையில் இந்த ஆசை இருக்கிறது, டாலர் ஏறும்போது இன்னும் கூடும். வேண்டாம். இந்திய வாரன்ட்டி இல்லாத கேமராவில் ஒருமுறை ஷட்டர் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் ரிப்பேருக்கே போய்விடும். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய நஷ்டம், முறையான பில் இருந்தால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கில் 1,16,820 கட்டினாலும் உங்கள் கைச்செலவு 99,000தான். டாலர் ஆறு ரூபாய் ஏறியதில் போனதைவிட இதில் திரும்பி வருவது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

தம்பி அன்றைக்குப் பழைய விலைக்கே லென்ஸை வாங்கிவிட்டான். கிளம்பும்போது பில்லைப் படம் எடுத்து அனுப்பினான், அவனுடைய ஜிஎஸ்டி எண் அதில் இல்லை. திரும்பப் போய் மாற்றி வாங்கினான். நீங்கள் கடைப்படி இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், சீரியல் நம்பரையும் சேர்த்து.